ட்ரொலியோடு போன ராசா

என் தலை நரைத்த பிறகுதான் மச்சாள் அந்தக் காசை என் கையில் வைத்தார்.

மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. எண்பதைத் தாண்டியவர். இங்கே கனடாவில், மோர்னிங்சைட்டில் முதியவர்களுக்கான மாடிக் கட்டடமொன்றில் தனியே இருந்துகொண்டு எங்கள் எல்லோருடைய வீட்டையும் தொலைபேசியில் ஆள்கிறவர். கல்யாணம் கட்டவில்லை. தம்பிமாரைப் படிப்பித்து, ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, ஆகக் கடைசியாகத் தானும் ஒரு சூட்கேசோடு வந்திறங்கியவர். அதனால் சித்திரை வருஷப்பிறப்பன்று கைவியளம் கொடுக்கிற உரிமை எங்கள் குடும்பத்தில் அவருக்குத்தான். வேறு யாராவது முந்திக்கொண்டு கை நீட்டிப் பார்க்கட்டும், அடுத்த சித்திரை வரைக்கும் கதை பேச்சு இருக்காது.

கைவியளம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புது வருஷம் பிறந்ததும் நல்ல நேரம் பார்த்து, வீட்டில் மூத்தவர் ஒரு வெற்றிலையில் காசும் பூவும் நெல்லும் வைத்து இளையவர்களுக்குக் கொடுப்பார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கைராசி வருஷம் முழுக்க நிற்குமாம். இங்கே எல்லா வீட்டிலும் புத்தம்புது ஐந்து டொலர்த் தாள் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் எங்களுக்கு அதற்கு மேலே இன்னொன்று இருந்தது. ராசாக்காசு என்போம். அது எல்லோருக்கும் கிடையாது. வருஷத்துக்கு ஒருவருக்குத்தான். வாங்கியவர் அதைப் பேர்சில் வைத்திருந்து, அடுத்த வருஷப்பிறப்பன்று மச்சாளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு அது இன்னொருவருக்குப் போகும்.

காசு என்னவோ வெறும் ஐம்பது சதம். இலங்கை வெள்ளைக்காரன் கையில் இருந்த கடைசி வருஷங்களில், உலக யுத்தத்துக்கு நடுவில் அடித்தது. மங்கின மஞ்சள் நிறம். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராசாவின் தலை, அதைச் சுற்றி, இவர் அரசர், இந்தியாவின் சக்கரவர்த்தி என்று ஆங்கிலத்தில் எழுத்து. மற்றப் பக்கம் சிங்களத்திலும் தமிழிலும் ஐம்பது சதம் என்று இருக்கும். அதில் பொறித்திருந்த வருஷமும் மச்சாள் பிறந்த வருஷமும் ஒன்று. "நானும் உவரும் ஒரு வயசுக்காரர்" என்று மச்சாள் காசைத் தட்டிக் காட்டிச் சொல்லுவார்.

சுதந்திரம் கிடைத்து வந்த முதல் சித்திரையில் அவருடைய அப்பா கொடுத்த கைவியளம் அது. அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். கொடி மாறிவிட்டது, பெரிய துரைமார் கப்பலேறத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் சட்டைப் பையில் கையை விட்டால் வருவது இன்னும் ராசாதான். புதுக் காசு அடித்து வர வருஷக்கணக்காகும் என்று கச்சேரியில் பேசிக்கொண்டார்களாம். அப்பா அந்த ஐம்பது சதத்தைச் சின்ன மகளின் கையில் வைத்து, "இந்தியாவும் போச்சு, நாங்களும் போறம். உவருக்குத்தான் இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்று சொல்லிச் சிரித்தாராம்.

இந்தக் கதையை மச்சாள் ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார். நாங்களும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்போம். முடிவில், "வடிவாப் பாருங்கோ, சிங்களமும் தமிழும், ரெண்டு எழுத்தும் ஒரே அளவு" என்று காசைத் திருப்பிக் காட்டுவார். அந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை. பிறகு என் மைத்துனர்மாரில் ஒருவர், இங்கே குடியுரிமை எடுக்கும்போது மகாராணிக்குச் சத்தியம் செய்த கதையை எடுத்துவிடுவார். மச்சாள் உடனே, "தேப்பனிட்டைத் தப்பி வந்து மகளிட்டை மாட்டுப்பட்டுப் போனம்" என்பார். கனடாக் காசில் இருந்த ராணி அந்த ராசாவின் மகள்தானே. பிறகு பொங்கல் பரிமாறப்படும்.

நான் இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து அந்தக் காசு எனக்கு வரவில்லை. தம்பிமாருக்குப் போனது. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போனது. என் மகளுக்கு, பல் விழுந்து முளைக்கிற வயதில், போனது. அவள் அதை வைத்திருந்த வருஷம் முழுக்கப் பொறுப்பு என் தலையில்தான். ஆனால் காசு அவளுடையது. ஒரு மைத்துனர் அதைச் சோபாவுக்குள் தவறவிட்டு, ஆடியில் தொலைத்து மார்கழியில் கண்டெடுத்தார். அவருக்கே இரண்டு வருஷம் கழித்துத் திரும்பவும் கிடைத்தது. வந்த மருமக்களான எங்களுக்கு ஐந்து டொலர்த் தாள். மற்ற மருமக்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவுக்கும் மச்சாளைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது யார்? இன்சுலின் வாங்கிக் கொடுப்பது யார்? என் கணவர் பிறம்ரனிலிருந்து ட்ரக் ஓட்டுகிறவர், கிழமையில் பாதி நாள் வீட்டில் இல்லை. எல்லாம் நான்தான். வருஷப்பிறப்பன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காருக்குள் நான் வாயை மூடமாட்டேன். "உங்கடை கொக்காவுக்கு நான் வேலைக்காரி, வேறை ஒண்டுமில்லை" என்பேன். அவர் ரேடியோவைக் கூட்டி வைப்பார்.

போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் மச்சாள் வெற்றிலையை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் பின்னால் நின்ற மைத்துனருக்காக்கும் என்று விலகி வழி விட்டேன். "எடியே, உனக்குத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக் கண்ணில் ஒற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வருஷப்பிறப்புக்குத் தலையில் வைத்த மருத்துநீர் வடிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. கேட்டு வாங்கியதல்ல, தானாக வந்தது என்று மனசுக்குள் எத்தனை தரம் சொல்லிக்கொண்டேனோ தெரியாது. ஆனால் பொல்லாத மனசு. இரண்டாம் நாளே வேறு கணக்குப் போட்டது. இவ்வளவு காலமும் தராமல் வைத்திருந்து இப்போது தருகிறாரே, இதென்ன பெரிய பொக்கிஷமா? பேர்சைத் திறக்கும் நேரமெல்லாம் அந்த ராசாவின் முகம் எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகவே தெரிந்தது. கிடைக்காத வரைக்கும்தான் அது பெரிய காசு.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேரம் ஏற்றும்வரை நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள்தான் என் சமையல் சாமான், மச்சாளின் சாமான், வங்கி, மருந்துக்கடை எல்லாம். வோபர்னில் நான் போகும் பலசரக்குக் கடையில் ட்ரொலிகளைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கோத்து வைத்திருப்பார்கள். பூட்டுக்குள் ஒரு குவாட்டர், அதாவது கனடாவின் இருபத்தைந்து சதக் காசு, தள்ளினால்தான் விடும். திரும்பக் கொண்டுவந்து கோத்தால் காசு வெளியே வரும். இப்போதெல்லாம் யாரிடம் சில்லறை இருக்கிறது? எல்லாம் அட்டைதானே. ஒருநாள் ஜாக்கெட் பையெல்லாம் துளாவிப் பார்த்தேன், பேர்சைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு குவாட்டர் இல்லை. ராசாக்காசு மட்டும் விழுந்தது.

போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. சங்கிலி தொப்பென்று கழன்று விழுந்தது. அந்த இடத்திலேயே நான் வாய்விட்டுச் சிரித்தேன். "வாரும் சக்கரவர்த்தி, வந்து ட்ரொலி தள்ளும்" என்று தமிழில் சொன்னது பக்கத்தில் நின்ற சீனக் கிழவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் அவரும் சேர்ந்து சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அதன் பிறகு அதுவே என் ட்ரொலிக்காசு ஆகிப்போனது. குவாட்டர் இருந்த நாளிலும் வேண்டுமென்றே அதைத்தான் போட்டேன். எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது, அதை மறைத்து என்ன? மச்சாள் வெற்றிலையில் வைத்துக் கும்பிட்டுத் தருகிற சாமானை நான் உருளைக்கிழங்கு மூட்டை தள்ளப் பாவிக்கிறேன் என்ற சந்தோஷம். குரங்கின் கையில் பூமாலை என்று மச்சாள் மற்றவர்களுக்குச் சொல்லுவார். அந்தக் குரங்கு நானேதான். வீட்டில் அதற்கென்று வைத்திருந்த வெல்வெட் பை வெறுமையாகக் கிடந்தது. காசு பஸ் ஜாக்கெட்டின் பையில், பாதி தின்ற இருமல் மிட்டாய்களோடு கிடந்தது.

புரட்டாதியில் ஒருநாள். கடையிலிருந்து வெளியே வருகிறேன், பின்னேர ஓட்டத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது, மழை தூறுகிறது, தொலைபேசி அடிக்கிறது. மச்சாள்.

"எடி பிள்ளை, வெத்திலை எடுத்தனியோ?"

"ஓம் மச்சாள், எடுத்திட்டன்."

"போனமுறை மாதிரிப் பழுத்ததை எடுத்திருப்பாய். பாத்து எடுக்க வேண்டாமே? முருங்கையிலை?"

"முடிஞ்சு போச்சாம்."

"முடிஞ்சு போச்சாமோ, நீ பாக்கேல்லையோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இறுக்கிக்கொண்டு பைகளைக் காருக்குள் எறிகிறேன். அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், முக்காடு போட்ட இளம்பிள்ளை, ட்ரொலியைக் காட்டி எடுக்கட்டுமா என்று கையால் கேட்டாள். இந்த ஊரில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. முடித்தவர் ட்ரொலியை வருகிறவரிடம் கொடுப்பார், அவர் ஒரு குவாட்டரை நீட்டுவார், முடித்தவர் பெருந்தன்மையாக வேண்டாம் என்பார். நானும் தலையாட்டி ட்ரொலியை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

அதே நேரம் மச்சாள், ராசாக்காசு பத்திரமா என்று எந்த அழைப்பிலும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"காசு பவுத்திரமோ?"

"ஓமோம் மச்சாள், பவுத்திரம். நான் பிறகு கோல் எடுக்கிறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அந்தப் பெண் ஓடிவந்து ஒரு குவாட்டரை என் உள்ளங்கையில் அழுத்தினாள். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு நேரமிருக்கவில்லை. காரை எடுத்துவிட்டேன்.

பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்திப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோதுதான் அந்தக் குவாட்டரைப் பைக்குள் போட்டேன். போட்ட கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. இருமல் மிட்டாய் இருந்தது, மிட்டாய்ப் பேப்பர் இருந்தது, வேறொன்றும் இல்லை. குவாட்டரைத் திரும்ப வெளியே எடுத்துப் பார்த்தேன். ராணி. தகப்பனைக் கொடுத்து மகளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மச்சாளின் பகிடிதான், ஆனால் சிரிக்க வாய் வரவில்லை. பிள்ளைகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சின்னவள், "ஆர் யூ ஓகே, மிஸ்?" என்று கேட்டாள். நான் கதவை மூட மறந்து நின்றிருக்கிறேன்.

கடைசிப் பிள்ளையை இறக்கி, பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினேன். ட்ரொலியெல்லாம் அழகாகக் கோத்து வரிசையில் நின்றது. அந்தப் பெண் போயிருந்தாள். கோத்து முடித்ததும் பூட்டு அவள் கையில் துப்பியிருக்கும் மஞ்சள் காசைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? ஏமாற்றிவிட்டாள் இந்தக் கிழவி என்று நினைத்திருப்பாள். நல்ல குவாட்டருக்குச் செல்லாக்காசு. கடைக்குள் சேவைக் கவுண்டரில் கேட்டேன். அங்கிருந்த பிள்ளை ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, தொலைந்த கார்த் திறப்புகளையும் ஒற்றைக் கையுறையையும் காட்டிவிட்டு மூடினாள்.

ஒரு அறிவித்தல் எழுதி ஒட்டலாம் என்றாள். கடை வாசலில் பலகை இருக்கிறது. அறை வாடகைக்கு, சமைத்துக் கொடுக்கப்படும், வீணை வகுப்பு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நிறைய ஒட்டியிருப்பார்கள். ராசாதலை போட்ட இலங்கைக் காசு கண்டெடுத்தால் இந்த நம்பருக்கு அழைக்கவும் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம்? பேனையைக் கையில் எடுத்தேன். ஆனால் மச்சாளின் மாடியில் இருக்கிற அன்ரிமார் பாதிப்பேர் இந்தக் கடைக்குத்தான் வருகிறார்கள். அன்றைக்குப் பொழுதுபட முந்தியே செய்தி மோர்னிங்சைட்டுக்குப் போய்விடும். பேனையைத் திருப்பி வைத்தேன். காசு திரும்பி வருவதற்கு இருந்த ஒரே வழியை என் பெயர் கெட்டுவிடும் என்று நானே அடைத்தேன். தொலைத்ததைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் குத்துகிறது.

அதன் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகாத நாளில்லை. தெரியாதவர்கள் தள்ளிக்கொண்டு போகிற ட்ரொலியின் பூட்டை எட்டிப் பார்ப்பேன். அவள் அதையே ட்ரொலிக்காசாக வைத்திருக்கலாம் அல்லவா, நான் வைத்திருந்ததுபோல? ஒரு அம்மா தன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னை முறைத்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்காமல் என்னை வாகனத் தரிப்பிடம் முழுக்க அலைய வைத்தது.

மச்சாள் கேட்பதை நிறுத்தவில்லை. "காசு பவுத்திரமோ?" "ஓம் மச்சாள்." தேள் கொட்டின கள்ளன் மாதிரி, கத்தவும் முடியாது, காட்டவும் முடியாது. ஒருநாள் கண் டொக்டரிடம் போகும் வழியில், "எடு பாப்பம், ஒருக்காப் பாக்க ஆசையாக் கிடக்குது" என்றார். வீட்டில் சாமியறையில் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியே? ஒருத்தரும் உப்பிடி வைக்கேல்லை" என்றார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

பனி கொட்டுகிற ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பழைய நாணயங்கள் விற்கிற கடையொன்றுக்குப் போனேன். யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், இணையத்தில் தேடி அந்தக் கடையைக் கண்டுபிடித்தது அவள்தான். அவளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். நான் மனசுக்குள் பெரிய தொகையொன்றுக்குத் தயாராகிப் போயிருந்தேன். வளையலொன்றை விற்கவும் யோசித்திருந்தேன். கடைக்காரர் ஒரு வெள்ளைக்காரர், தொப்பைக்கு மேல் ஸ்வெட்டர். "சிலோனா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வைத்தார். உள்ளே ராசாக்கள் குவியலாகக் கிடந்தார்கள். அதே வருஷம், அதே ஐம்பது சதம், அதே இந்தியச் சக்கரவர்த்தி. நாடு கைமாறினபோது சும்மா இப்படிப் பெட்டி பெட்டியாகக் கப்பலேறியிருக்கும்போல. விலையைக் கேட்டேன். ஒரு கோப்பியும் ஒரு டோனட்டும் வாங்குகிற காசு.

"அம்மா, இவ்வளவுதானா? ஜஸ்ட் டெல் ஹெர்" என்றாள் மகள். மச்சாள் அவளுக்கு மாமி. "மாமி கோவிப்பா, டூ டேய்ஸ்ல சரியாயிடும்."

"உனக்கு உன்ரை மாமியைத் தெரியாது."

"எனக்கு உங்களைத் தெரியும்."

கடைக்காரர் எது வேண்டும், எடுங்கள் என்றார். பெட்டிக்குள் கையை விட்டபோதுதான் எனக்கு உண்மையான அடி விழுந்தது. எங்களுடைய காசு எப்படி இருந்தது? ராசாவின் மூக்கு தேய்ந்திருந்ததா? காதோரம் ஒரு கீறல் இருந்ததா, அது கிரீடத்திலா? எனக்கு நினைவில்லை. அத்தனை வருஷம் அந்தக் காசு எனக்குக் கிடைக்கவில்லை என்று எரிந்திருக்கிறேன். கிடைத்த பிறகு ட்ரொலியில் தள்ளியிருக்கிறேன். ஒருநாள்கூட அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. இரண்டு எழுத்தும் ஒரே அளவா என்று மச்சாள் சொல்லிச் சொல்லியும் நான் பார்க்கவில்லை. அந்தக் கடையில் வைத்துத்தான் முதன்முறையாகப் பார்த்தேன். ஒரே அளவுதான்.

பார்வைக்குப் பழசாகத் தெரிந்த ஒன்றை எடுத்தேன். வெளியே வந்ததும் மகள் கேட்டாள்.

"ஸோ, மாமியை ஃபேக் பண்ணப் போறீங்கள்."

"உதென்ன ஃபேக்? உதும் ராசா அடிச்ச காசுதான். அதே வருஷம், அதே ராசா."

"தென், ஏன் ஒளிக்கிறீங்கள்?"

நான் கார்க் கண்ணாடியில் விழுந்திருந்த பனியைத் தட்டத் தொடங்கினேன். வாங்கின காசைப் பஸ் திறப்புக் கோர்வையோடு ஒரு பைக்குள் போட்டு, மார்கழி தை மாசி முழுக்க ஜாக்கெட்டில் கொண்டு திரிந்தேன். உரசி உரசிப் பழசாகட்டும் என்று. காசுக்கு வஞ்சகம் இல்லை. பேசாமல் கீறல் வாங்கிக்கொண்டது.

சித்திரை வந்தது. பஞ்சாங்கத்தில் இரண்டு வகை, அதைக் கனடா நேரத்துக்கு மாற்றுவதில் பத்து வகை. மச்சாள் சொன்ன நேரம்தான் எங்களுக்கு நல்ல நேரம். காலையில் எல்லோரும் அவருடைய வீட்டில் கூடினோம். என் கணவர் கூட இரண்டு நாள் லீவு எடுத்து வந்திருந்தார். மச்சாள் மாசியில் குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்ததால் கதிரையில் இருந்தபடியே கொடுத்தார். கோயிலிலிருந்து போத்தலில் வந்த மருத்துநீரை எல்லோர் தலையிலும் தொட்டு வைத்தார். ஐந்து டொலர்த் தாள்கள் கைமாறின. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுவதென்று காரில் வரும்போது முடிவெடுத்திருந்தேன். சத்தியமாக எடுத்திருந்தேன். குவாட்டரையும் கொண்டுவந்திருந்தேன், அந்தப் பெண் தந்த அதே குவாட்டரை. இரண்டையும் அவர் மடியில் வைத்து, இது வாங்கினது மச்சாள், இதுக்குத்தான் அது போனது என்று சொல்வதாக எண்ணம். அதற்குள் மச்சாள் கையை நீட்டினார். வெல்வெட் பையிலிருந்து வாங்கின காசை எடுத்து வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றி, விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்டுபிடித்துவிடட்டும் கடவுளே என்றுதான் அந்த நேரம் கேட்டேன்.

"அதே மாதிரிக் கிடக்குது" என்றார் மச்சாள்.

வழமையான கதையை இந்த முறை அவர் சொல்லவில்லை. காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, என் கையை மற்றக் கையால் பிடித்தார்.

"எல்லாருக்கும் முன்னாலை ஒண்டு சொல்லவேணும். உனக்கு நான் உதை எப்பவோ தந்திருக்கவேணும் பிள்ளை. வந்தவள் தானே, எங்கையும் வைச்சிட்டுத் துலைச்சுப்போடுவாள் எண்டு நினைச்சிட்டன். இவன் சோபாவுக்கை விட்டவன், அவனுக்கு ரெண்டாந்தரமும் குடுத்தன். சாமியறையிலை வைச்சுப் பாத்த உனக்கு ஒருக்காலும் குடுக்கேல்லை. விழுந்து படுத்துக் கிடந்த நேரம் உதுதான் மனசிலை வந்துது. அது என்ரை பிழை."

மைத்துனர் தலையைச் சொறிந்தார். யாரோ, "விடுங்கோ அக்கா, நல்ல நாளிலை" என்றார்கள். மச்சாள் விடவில்லை. காசை என் உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் என் விரல்களை மடக்கினார்.

"இனி உது சுத்தத் தேவையில்லை. உன்னட்டையே இருக்கட்டும். எனக்குப் பிறகு நீ குடு, உனக்கு விருப்பமான ஆளுக்கு." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் செய்ததை மனசிலை வைச்சிருக்காதை. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லு."

பையில் குவாட்டர் இருந்தது. என் கணவர் பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பொங்கல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் என் வாயையே பார்த்தாள். ஒரு வார்த்தைதான். அது வந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது.

"மன்னிச்சிட்டன் மச்சாள்" என்றேன்.